'கஸ்டடி' என்ற சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'கஸ்டடி' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல், காவலாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒன்றைத் தன்னிடம் வைத்துக் காப்பதும், அதற்கு ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதும் அதன் பொருளில் அடங்கும். நம்முடைய 'காவல்' என்ற சொல்லும் இவ்விரண்டையும் சுமக்கிறது. வயலுக்குக் காவல் இருப்பவர் கதிரைக் காப்பவரே தவிர, அதை அறுத்துக்கொள்ளும் உரிமை உடையவர் அல்லர். 'கஸ்டடி'யைப் பிழையாக ஆளும் இடங்களில் பெரும்பாலும் இந்தப் பொறுப்புதான் விடுபட்டுப் போகிறது.

கைதும் கஸ்டடியும் ஒன்று என்று எழுதுவது முதல் தவறு. கைது என்பது ஒரு செயல். கஸ்டடி என்பது அதன் பின் தொடரும் நிலை. கைது இல்லாமலும் அந்நிலை ஏற்படலாம்: நீதிமன்றத்தில் தாமாகச் சரணடைந்து அதன் ஆணைக்கு உட்படுபவரும் கஸ்டடியில் இருப்பவரே என்று உச்ச நீதிமன்றம் 1980இல் நிரஞ்சன் சிங் வழக்கில் தெளிவாக்கியது. அதேபோல், 'நீதிமன்றக் காவல்' என்பதை நீதிமன்றக் கட்டடத்தில் அடைத்து வைப்பதாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22ஆம் உறுப்பு. நடுவர் ஆணையிட்டால் அவர் சிறையில் வைக்கப்படுவது நீதிமன்றக் காவல், விசாரணைக்காகப் போலீசாரிடம் ஒப்படைக்கப்படுவது போலீஸ் காவல். இரண்டுமே தண்டனை அல்ல. குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரின் உயிரும் உடலும் அரசின் பொறுப்பில் இருக்கும் காலம் அது என்பதை, செய்தி எழுதுவோர் ஒருபோதும் மறக்கலாகாது.

குடும்ப வழக்குகளில், குழந்தையின் கஸ்டடியையும் சட்டப்படியான பாதுகாவலர் என்ற தகுதியையும் குழப்பிக்கொள்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைப் பாதுகாவலர் என்று சொல்லிவிட்டு, ஐந்து வயது நிரம்பாத குழந்தையின் கஸ்டடி சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்று தனியே கூறுகிறது. ஒரே பிரிவிலேயே இரண்டும் வேறுபட்டு நிற்பதால், 'குழந்தை யாருக்குச் சொந்தம்' என்று தலைப்பிடுவது மிகவும் தவறானது. குழந்தை யாருடைய பொறுப்பில் வளரும் என்பதே அங்குள்ள கேள்வி.

இலக்கணத்தைப் பொறுத்தவரை, 'அண்டர் கஸ்டடி' என்று எழுதாமல் 'இன் கஸ்டடி' என்று எழுத வேண்டும். பொதுவாக இச்சொல்லுக்குப் பன்மை வருவதில்லை.

வங்கியில் 'சேஃப் கஸ்டடி'யும் லாக்கரும் ஒன்றல்ல. முன்னதில் முத்திரையிட்ட உறையையோ பெட்டியையோ ரசீது பெற்றுக்கொண்டு வங்கியிடமே ஒப்படைக்கிறோம். லாக்கரிலோ இடத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கிறோம். உள்ளே இருப்பது என்னவென்று வங்கிக்குத் தெரியாது. அதற்காக வங்கிக்குப் பொறுப்பே கிடையாது என்று நினைப்பதும் பிழை: 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வங்கியின் குறைபாட்டால் நேரும் தீவிபத்து, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை அது பொறுப்பேற்க வேண்டும்.