சரிவு நிலத்தை மினி டிராக்டரால் சமன் செய்யும் முறை

திருப்பூர், ஈரோடு, தருமபுரிப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலங்களில் பல, நூறு அடிக்கு இரண்டு அல்லது மூன்று அடி சரிந்து கிடப்பவை. மழை பெய்தால் நீர் நிலத்தில் இறங்காமல் ஓடிவிடுகிறது. ஓடும்போது மேல்மண்ணையும் அடித்துச் செல்கிறது. இத்தகைய நிலத்தை 20 முதல் 30 எச்.பி. திறனுள்ள மினி டிராக்டரைக் கொண்டே சமன் செய்துவிட முடியும். ஆனால் முழு நிலத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முயல்வது பெரும்பாலும் தவறான வழி. சரிவைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் தனித்தனியே சமன் செய்வதே செலவிலும் மண்வளத்திலும் ஆதாயம் தருவது.

இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். நூறடி நீளமும் நூறடி அகலமும் உள்ள, ஏறக்குறைய 23 சென்ட் நிலம் இரண்டடி சரிந்திருப்பதாகக் கொள்வோம். அதை ஒரே மட்டமாக்க வேண்டுமானால் மேல் விளிம்பில் ஓரடி ஆழம் வெட்டி, கீழ் விளிம்பில் ஓரடி உயரம் நிரப்ப வேண்டும். நகர்த்த வேண்டிய மண் 2,500 கன அடி, அதாவது 25 யூனிட். அதே நிலத்தை 25 அடி அகலமுள்ள நான்கு படிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படிக்கும் சரிவு அரை அடிதான். வெட்டும் ஆழம் மூன்று அங்குலம். மொத்த மண் ஆறேகால் யூனிட். மண்ணைத் தள்ளும் தொலைவும் சராசரியாக 67 அடியிலிருந்து 17 அடியாகக் குறைகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மூன்று அங்குலம் மட்டுமே வெட்டுவதால் மேல்மண்ணில் பெரும்பகுதி அங்கேயே தங்குகிறது. ஓரடி வெட்டினால் பல இடங்களில் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல்லும் சரளையும் வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் பயிர் தேறப் பல ஆண்டுகள் ஆகும். தென்னை வைக்க எண்ணுபவர்களுக்கு 25 அடி அகலம் இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. தென்னைக்கு வழக்கமாக விடும் இடைவெளியும் அதுவே என்பதால், படிக்கு ஒரு வரிசையாக, வெட்டும் நிரப்பும் இல்லாத நடுப்பகுதியில் கன்றை நடலாம்.

வண்டியை இறக்குவதற்கு முன் மட்டம் பார்ப்பது கட்டாயம். கண் மதிப்பை நம்பக் கூடாது. நீண்ட சரிவில் நிற்கும்போது சமமான இடம்கூட எதிர்ப்புறம் சாய்ந்தது போலத் தெரியும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டமே இதற்குப் போதும். படியின் நான்கு மூலைகளிலும் இடையிலும், பன்னிரண்டு அடிக்கு ஒன்றாகக் குச்சிகளை அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிலையான கம்பத்தில் கோடு போட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையில் நீர் அந்தக் கோட்டில் நிற்குமாறு பிடித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையை ஒவ்வொரு குச்சியருகிலும் கொண்டுபோய், தரையிலிருந்து நீர் நிற்கும் உயரத்தைக் குறிக்க வேண்டும். எல்லா அளவுகளையும் கூட்டிக் குச்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே அந்தப் படியின் சராசரி. சராசரி 42 அங்குலமாக இருந்து, ஒரு குச்சியில் 39 வந்தால் அது மேடு, மூன்று அங்குலம் வெட்ட வேண்டும்; 45 வந்தால் அது பள்ளம், மூன்று அங்குலம் நிரப்ப வேண்டும். வெட்ட வேண்டிய குச்சிக்குச் சிவப்பும் நிரப்ப வேண்டிய குச்சிக்கு வெள்ளையும் பூசிவிட்டால், ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து கேட்க வேண்டியிருக்காது.

கோடை மழைக்குப் பின், சித்திரை வைகாசியில் இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்குள் நிரப்பிய மண் படிந்துவிடும். மண்ணின் பதம் சரியாக இருக்கிறதா என்பதை, ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி இடுப்புயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்த்தே அறியலாம்: உடைந்து உதிர்ந்தால் இறங்கலாம், தட்டையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும். ஈரத்தில் வண்டியை ஓட்டினால் சக்கரம் போன இடமெல்லாம் இறுகிப்போகும். சொட்டுநீர்க் குழாய், மோட்டார் கேபிள் போன்றவை மண்ணுக்குள் எங்கே போகின்றன என்பதையும் முன்பே கண்டு, கொடி நட்டுக் குறித்துவிட வேண்டும்.

முதலில், வெட்ட வேண்டிய மேற்பாதியை மட்டும் ஐந்து கொத்துக் கலப்பையால் சரிவுக்குக் குறுக்கே உழுது இளக்க வேண்டும். மண்ணைச் செதுக்கித் தள்ளும் இரும்புத் தகடான பிளேடை இறுகிய மண்ணில் நேரடியாக இறக்கினால் அது செதுக்காது, வழுக்கிக்கொண்டே போகும். ஆறு அங்குலத்துக்கு மேல் வெட்ட வேண்டிய இடம் ஏதேனும் இருந்தால், அங்குள்ள மேல்மண்ணை முதலில் ஓரமாகக் குவித்துவைத்து, வேலை முடிந்தபின் திரும்பப் பரப்ப வேண்டும்.

அடுத்து, பின்பக்க பிளேடை மாட்டி, அதன் பின்தங்கிய முனை பள்ளத்தின் பக்கம் இருக்குமாறு ஏறக்குறைய முப்பது பாகை சாய்த்து, கோணத்தை நிலைநிறுத்தும் ஊசியைப் (பின்) பூட்ட வேண்டும். படியின் மேல் விளிம்பில் தொடங்கிக் குறுக்காக ஓட்டினால், செதுக்கிய மண் பிளேடின் மேல் உருண்டு, கீழ்முனை வழியாக நீண்ட வரிசையாக விழும். அடுத்த ஓட்டத்தில் அந்த வரிசையையே மீண்டும் வாரி இன்னும் கீழே தள்ள வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓர் அங்குலத்துக்கு மேல் செதுக்க ஆசைப்படக் கூடாது. அளவு மீறினால் பின்சக்கரம் சுழலும், அது சுழன்ற இடத்தில் குழி விழும், அந்தக் குழியை மூடுவதே பிறகு தனி வேலையாகிவிடும். திரும்பும்போது பிளேடைத் தூக்கிக்கொண்டு வெறுமனே வரலாம், அல்லது ஊசியைக் கழற்றி மறுபக்கம் சாய்த்துக்கொள்ளலாம்.

கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்கை, கருவியை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் நெம்புகோலில்தான் இயக்க வேண்டும். இழுவைச் சுமைக்கேற்ப உயரத்தை மாற்றும் டிராஃப்ட் நெம்புகோலில் விட்டால், மண் கடினமாகும் இடத்தில் கருவி தானாகவே மேலே எழுந்து, நிலம் அலை அலையாகிவிடும். டிராக்டரையும் கருவியையும் மேற்புறத்தில் இணைக்கும் டாப் லிங்க்கின் நீளத்தை மாற்றினால், பிளேடு மண்ணைக் கடிக்கும் கோணமும் மாறும். ஆகவே வெட்டும்போது பிளேடு கடித்து இறங்குமாறும், கடைசி நிரவலில் மேலோட்டமாக நிரவுமாறும் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கடைசி ஓட்டங்களில் பிளேடை முழுவதும் பின்புறம் திருப்பி, அதன் முதுகால் இழுத்தால் தரை வழவழப்பாக அமையும்.

இளகிய மண் பின்னர் படியும் என்பதால், நிரப்பும் பகுதியைக் குறித்த மட்டத்துக்குச் சற்று மேலாகவே, மூன்று அங்குலத்துக்கு மூன்றரை என்ற அளவில், விட வேண்டும். படியின் நீளவாக்கில் நூறடிக்கு மூன்று அங்குலம் சரிவு விடுவது நல்லது. துல்லியமான மட்டமாக்கினால் மிகுந்த மழையில் நீர் தேங்கி வேர் அழுகும். படிகளுக்கு இடையே உள்ள திட்டை செங்குத்தாக விடாமல் சாய்வாகச் செதுக்கி, வரப்பு கட்டி, வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ நட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பில் எந்தச் சமரசமும் கூடாது. மினி டிராக்டர் எடை குறைந்தது. சரிவில் குறுக்கே போகும்போது பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஒரு சாலில் இறங்கினாலே சாய்வு சட்டென்று கூடிவிடும். நூறடிக்குப் பதினைந்து அடிக்கு மேல் சரிந்த இடத்தில் இந்த வண்டியைக் குறுக்கே ஓட்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அங்கே வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் புல்டோசரை நாடலாம். பின்சக்கர இடைவெளியை முடிந்தவரை அகலப்படுத்தி, இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டி, தாழ்ந்த கியரில் ஓட்ட வேண்டும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் உள்ள வண்டியானால் இருக்கைப் பட்டியைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். மட்கார்டில் எவரையும் உட்காரவைக்கக் கூடாது. புதிதாக நிரப்பிய விளிம்பருகே வண்டியைக் கொண்டுபோகவும் கூடாது. அந்த ஓரத்தை மண்வெட்டியால் சரிசெய்துகொள்ளலாம்.

முதல் நல்ல மழைக்குப் பின் நீர் தேங்கிய இடங்களைக் குச்சி நட்டுக் குறித்து, மண் பதத்துக்கு வந்ததும் இன்னொரு முறை நிரவ வேண்டும். வெட்டிய பாதியில் மண்வளம் குறைந்திருக்கும். அங்கே தொழுவுரத்தை மற்றப் பாதிக்கு இடுவதைப்போல் இரு மடங்கு இட்டு, சணப்பையோ கொழுஞ்சியையோ விதைத்து, பூக்கும் பருவத்தில் ரோட்டவேட்டரால் மடக்கி உழுதபின்பே முதல் பயிரை வைக்க வேண்டும்.