ஹார்டு டிஸ்க் அடிக்கடி மறைகிறதா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்

கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே வெளிப்புற ஹார்டு டிஸ்க் காணாமல் போய், சில நொடிகளில் தானாகத் திரும்பி வருகிறதா? டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் கோளாறு கேபிளிலோ மின்சாரத்திலோதான் இருக்கும்.

கையடக்க டிஸ்க்குக்குத் தனி மின் இணைப்பு கிடையாது. சுழல வேண்டிய சக்தி முழுவதையும் யூ.எஸ்.பி. போர்ட்டிலிருந்தே எடுக்கிறது. யூ.எஸ்.பி. 2.0 தரத்தின்படி கிடைப்பது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. டிஸ்க்கினுள் இருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் தேவை உச்சத்துக்குப் போகும். எனவே முன்பக்க போர்ட்டையும், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும், தனி அடாப்டர் இல்லாத ஹப்பையும் தவிர்த்து, கணினியின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். கேபிளும் குட்டையாக இருக்கட்டும். இரண்டு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த டிஸ்க், ஒரு சாண் நீளமுள்ள புதுக் கேபிளில் இன்றும் நன்றாக ஓடுகிறது.

விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. சாதனத்தை மின்சாரம் சேமிக்க உறங்கவைக்கும் யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் வசதியை நிறுத்திவைப்பதும் உதவும்.

‘டிக் டிக்’ என்று விடாமல் சத்தம் வந்தால் மட்டும் கதை வேறு. பழுதுபார்க்கும் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். உடனே கழற்றிவிடுங்கள். வேறெங்கும் பிரதி இல்லாத படங்கள் அதில் இருந்தால், மீண்டும் செருகிப் பார்க்காமல் தரவு மீட்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.