அசுவினியும் பொறிவண்டும்: தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவரையிலும் தட்டைப்பயறிலும், கொழுந்தில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி ஏறும் பருவம் வந்தால், முன்பு எங்கள் பகுதியில் எல்லோரும் செய்த தவறுகளையே புதிதாகப் பயிர் வைப்பவர்களும் செய்கிறார்கள். கண்ட மருந்தையும் அளவின்றித் தெளிக்கக் கூடாது என்பது அனைவரும் அறிந்ததே. அதை இங்கே விரிக்கவில்லை.

பொறிவண்டின் புழுவைக் கொல்வது

அசுவினியைத் தின்னும் பொறிவண்டை, செம்முதுகில் கரும்புள்ளி கொண்ட அந்த வண்டை, எவரும் கொல்வதில்லை. அதன் புழுவைத்தான் கொல்கிறார்கள். கருஞ்சாம்பல் நிறமும் ஆரஞ்சுத் திட்டுகளும் ஆறு கால்களுமாகக் குட்டி முதலையைப் போல் நீண்டிருக்கும் அது, அசுவினி மொய்த்த கொழுந்தில் திரிவதைக் கண்டதும், இலை தின்ன வந்த புழு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர், அவரைக் கொடியில் பொறுக்கிய புழுக்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். அத்தனையும் பொறிவண்டின் புழுக்கள். அவை இல்லாமல் அசுவினி பெருகி, அடுத்த சில வாரங்களில் கொழுந்துகள் சுருண்டன. பிசுபிசுத்த இலைகளில் கரும்பூசணம் படர்ந்தது.

இதை எண்ணினால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனெனில் இந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. அசுவினி ஆணின் துணையின்றியே குட்டி போடும். அக்குட்டியும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தாயாகிவிடும். பொறிவண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு என்ற நிலைகளைக் கடந்து வண்டாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும். ஐயம் இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்: புழு அசுவினியைத் தாடைகளால் கவ்வும், கால்கள் உதறிக்கொண்டிருக்கும்போதே அதன் உடல் வற்றிச் சுருங்கும்.

மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவுக்கு இன்னும் இக்கட்டு. வெண்மெழுகு இழைகள் போர்த்திய அது மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஆனால் அதைவிடப் பெரியது, தொட்டால் விரைந்து ஓடும்.

முட்டைகளை வழித்தெறிவது

இலையடியில் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் பொறிவண்டின் மஞ்சள் முட்டைகளைத் தொடாதீர்கள்.

புள்ளி வண்டு அனைத்தையும் காப்பது

கத்தரி இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி சுரண்டும் எபிலாக்னா வண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான். பளபளப்பின்றி மென்மயிர் போர்த்திய முதுகும், கிளைத்த முட்கள் கொண்ட மஞ்சள் புழுவும் அதைக் காட்டிக்கொடுக்கும். அதைப் பொறுக்கி அழிக்கலாம்.

எறும்பை விட்டுவைப்பது

அசுவினி வெளியிடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காத்துப் பொறிவண்டை விரட்டும். முதலில் எறும்பைத் தடுங்கள்.

ஓரிரு அசுவினிக்கே தெளிப்பது

இரை இல்லாத செடியில் பொறிவண்டு தங்காது. பருத்தி வயலின் ஓரத்தில் தட்டைப்பயறு விதைப்பது இதற்காகத்தான்: அதில் ஏறும் அசுவினியைத் தின்று பெருகும் வண்டுகள் பருத்திக்கும் பரவும். அந்த ஓரப் பயிருக்கு மருந்து அடிக்காதீர்கள்.