நரம்பு வெட்டுண்ட கையைப் பார்க்கும்போது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பயிற்சிக்கு வருகிற பிசியோதெரபிப் பிள்ளைகள் நரம்பு வளர்க்கும் குழாய் (அறுந்த நரம்பின் இரண்டு முனைக்கும் இடையில் பாலமாக வைப்பது), முப்பரிமாண அச்சு, ஸ்டெம் செல் என்று நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். சந்தோசம். ஆனால் வார்டில் விடுவது நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட அதே பிழைகளைத்தான். வலக்கை இடக்கை மாறி எழுதுவதெல்லாம் தானாகத் திருந்தும், அதை விடுவோம்.

‘மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கோ’

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

யுத்த காலத்தில் வந்தவை சன்னமும் எறிகணைத் துண்டும். அப்படியான காயத்தில் நரம்பு பல தடவை அறுந்திருக்காது, அதிர்ச்சியில் வேலையை நிறுத்தியிருக்கும். எவ்வளவு தூரம் நசிந்திருக்கிறது என்பதும் உடனே தெரியாது. அதனால் சில மாதம் பொறுத்து, அசைவு திரும்பாவிட்டால் திறந்து பார்த்தார்கள். அது நியாயம். அந்தப் பழக்கம் வாய்வழியாக வந்து இப்போது எல்லாக் காயத்துக்கும் விதியாகிவிட்டது.

இப்போது வருவது கண்ணாடி, கத்தி, தகரம். கூரான வெட்டுக்குக் கீழே விரல் வேலை செய்யவில்லை என்றால் நரம்பு அறுந்துவிட்டது என்றே எடுக்க வேண்டும். சில நாட்களுக்குள் திறந்தால் இரண்டு முனைகளையும் நேரே சேர்த்துத் தைக்கலாம். பிந்தினால் முனைகள் சுருங்கி விலகும், நுனியில் தழும்புக் கட்டி வளரும். அதை வெட்டி எடுத்தபின் இடைவெளி விழும். குழாய் பற்றிய பேச்சே அப்போதுதான் வரும்.

ஒட்டுசுட்டான் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு முழங்கைக்கு மேலே தகரம் வெட்டியிருந்தது. தோலை அழகாகத் தைத்திருந்தார்கள். சின்னவிரல் மரத்திருந்ததை ஒருவரும் எழுதவில்லை. பயிற்சியில் இருந்த பிள்ளை “நரம்பு வளரும், பொறுங்கோ” என்று அனுப்பிவிட்டது. பிறகு கனடாவிலிருந்து மாமா குழாய்ச் சிகிச்சை வீடியோ அனுப்ப, வீட்டுக்காரர் அதற்காகவும் பொறுத்தார்கள். என்னிடம் வரும்போது வருசம் ஒன்று தாண்டிவிட்டது. புறங்கையில் எலும்புகளுக்கிடையே குழி விழுந்திருந்தது. “இப்ப அந்தக் குழாயைப் போடேலாதோ அண்ணை?” என்று கேட்டார்.

கணக்கைப் பாருங்கள். நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வளரும். முழங்கைக்கு மேலிருந்து உள்ளங்கைத் தசைக்கு 35 சென்ரிமீற்றர் என்று வைத்தால், உடனே தைத்தாலும் ஒரு வருசம் வேண்டும். நரம்பு கிடைக்காத தசையோ 12 முதல் 18 மாதத்துக்குள் பெரும்பாலும் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். ஆக, ஒரு வருசம் கழித்து எவ்வளவு திறமான குழாயைப் போட்டாலும் இழை போய்ச் சேரும் நேரம் அங்கே தசை இருக்காது. நேரத்தோடு வந்திருந்தால், மணிக்கட்டுக்குக் கிட்ட இருக்கும் வேறொரு நரம்புக் கிளையைத் திருப்பி இணைத்துத் தூரத்தைக் குறைக்கவும் வழி இருந்தது. அந்தத் தம்பிக்குக் கடைசியில் தசைநாண் மாற்றிக் கட்டி, கிள்ளிப் பிடிக்கும் பலத்தை மட்டும் ஓரளவு கொடுத்தார்கள்.

நரம்பு அறுந்ததா என்று பார்க்க, காயத்தைத் தைக்க விறைப்பூசி போட முதல் ஒரு நிமிசம் போதும். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் நுனி சேர்த்து வட்டமாக்கச் சொல்லுங்கள். விரல்களை அகல விரிக்கச் சொல்லுங்கள். அப்புறம் சுட்டுவிரல் நுனி, சின்னவிரல் நுனி, பெருவிரலை ஒட்டிய புறங்கை, இந்த மூன்றிலும் தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள்.

எலிக்கணக்கை ஆளுக்குப் போடுவது

ஆய்வுகளில் அதிகம் வருவது எலியின் கால் நரம்பில் 10 மில்லிமீற்றர் இடைவெளி. வெறுங்குழாய்க்குள் முதலில் ஃபைபிரின் (இரத்தம் உறையும்போது உண்டாகும் நார்) பாலம் உண்டாகும், அதில் நரம்பிழையைச் சுற்றியிருக்கும் ஸ்வான் கலங்கள் ஊரும், அவற்றைப் பிடித்துக்கொண்டு நரம்பிழை போகும். தூரம் கூடினால் அந்தப் பாலம் சரியாக உண்டாவதில்லை. அதனால் மனிதரில் கொலாஜன் குழாய்கள் பொதுவாக 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட இடைவெளிக்குத்தான், அதிலும் மெல்லிய உணர்ச்சி நரம்புகளுக்குத்தான் பொருந்தும். அதற்கு மேலே, காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து ஒட்டுவதே இன்றும் முதல் தெரிவு. அதில் நோயாளியின் சொந்த ஸ்வான் கலங்கள் இருக்கின்றன. குழாய் ஆய்வுகள் எல்லாம் அந்த இடத்தைப் பிடிக்கத்தான் முயல்கின்றன.

முண்ணாணுக்கும் அதே கதையைச் சொல்வது

சொல்லாதீர்கள். முண்ணாணில் வழிகாட்ட ஸ்வான் கலங்கள் இல்லை. தழும்பும், இழையைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறையும் சேர்ந்து இழையைத் தடுக்கும். இங்கே சக்கர நாற்காலியில் இருப்பவர் எத்தனை வீட்டில் இருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டெம் செல் என்று அரைகுறையாகக் கதைத்துவிட்டு வந்தால், பின்னால் வயற்காணிக்கு விலை பேசுவார்கள்.

விரல் மூட்டுகளை இறுக விடுவது

ஸ்பிளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் மட்டை) போடுங்கள், தினமும் அசைத்துவிடுங்கள்.

மரத்த விரலும் அடுப்பும்

மரத்த விரலுக்குச் சூடு தெரியாது என்று சொல்லி அனுப்புங்கள். சுட்டபிறகு சொல்லிப் பிரயோசனமில்லை.

‘பழைய காயம்’ என்று கடிதம் எழுதுவது

யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பும்போது காயம்பட்ட திகதி, வெட்டு மணிக்கட்டிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், எந்த அசைவு இல்லை, இந்த மூன்றையும் முதல் வரியில் எழுதுங்கள். அங்கே இருக்கும் டொக்டர் குழாயா, ஒட்டா, தசைநாணா என்று தீர்மானிப்பதற்கு முதலில் பார்ப்பது அதைத்தான்.