ஐப்பசி மழைக்கு முன் கார் டயரை மாற்ற வேண்டுமா? நீங்களே பார்த்து முடிவெடுக்கும் முறை

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் நவம்பர் வந்தால் காருக்குக் குளிர்கால டயர் மாட்டுவார்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். அதைக் கேட்டுவிட்டு, ‘டிசம்பரில் கொடைக்கானல் போகிறோம், நமக்கும் வேண்டுமா?’ என்று காரைக்குடிப் பக்கம் கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலும் இறுகாமல் இருப்பதற்காகவே அந்த ரப்பரை மென்மையாகச் செய்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அது மளமளவென்று தேயும். பிரேக் பிடித்தால் நிற்பதற்கும் கூடுதல் தூரம் எடுக்கும். நாம் டயரைப் பார்க்க வேண்டியது அடைமழைக்காக.

ஆயுத பூசைக்கு வண்டி கழுவும் நாளே இதற்குப் பொருத்தமான நாள். நுனியிலிருந்தே பூஜ்யம் தொடங்கும் சின்ன இரும்பு ஸ்கேல், மொபைல் டார்ச், காற்று அளக்கும் கேஜ் போதும். அரை மணி நேர வேலை.

முதலில் டயரின் வயது

பட்டன், அதாவது சாலையில் படும் பக்கத்தில் பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர், தேய்ந்திருக்கிறதா என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். செட்டிநாட்டில் வயதை முதலில் பாருங்கள். குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கார் பள்ளத்தூர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும். கல்யாணம், படைப்பு என்று வரும்போதுதான் வெளியே எடுப்பார்கள். மீட்டரில் 18,000 கி.மீ. கூடத் தாண்டியிருக்காது, பட்டன் புதிதுபோல இருக்கும். ஆனால் ரப்பர் கெட்டிருக்கலாம். வெடிப்பு வராமல் காக்கும் மெழுகும் மருந்தும் ரப்பருக்குள் கலந்திருக்கும். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்குக் கசிந்து வரும். நின்றே கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு.

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையைத் தேடுங்கள். அதன் கடைசி நான்கு எண்கள்தான் தேதி. 3619 என்றால் 2019ஆம் ஆண்டின் 36ஆவது வாரம், அதாவது செப்டம்பர் தொடக்கம். வெளிப்பக்கம் நான்கு எண்கள் இல்லையென்றால் உட்பக்கம் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். 5 ஆண்டு தாண்டியிருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை டயர் கடையில் காட்டுங்கள். பக்கச் சுவரிலோ பட்டன்களுக்கு இடையிலோ நகம் பதியும் அளவுக்கு வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். 10 ஆண்டு ஆகிவிட்டால் எப்படித் தோன்றினாலும் மாற்ற வேண்டியதுதான். பக்கச் சுவரில் எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயரில் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

பிறகு பட்டன் ஆழம்

ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பினால் முன் டயரின் உள்விளிம்பும் தெரியும். பள்ளத்துக்குள் ஸ்கேலை நிறுத்தி, உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளவெடுங்கள். பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மி.மீ.; சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு அதுதான்.

மழைக்கு அந்த அளவு போதாது. தேவகோட்டை சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது தேங்கிய நீர் குறுக்கிட்டால், பள்ளங்கள் வழியாகத்தான் அந்த நீர் வெளியேற வேண்டும். ஆழம் குறைந்தால் டயர் நீரின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் கேட்காது. ஆகவே புரட்டாசியில் அளக்கும்போது 3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் மாற்றுங்கள். 4 மி.மீ.க்கு மேல் இருந்து, வயதும் 5க்குள், வெடிப்பும் இல்லையென்றால் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். இடைப்பட்ட அளவு என்றால் ஓட்டத்தைப் பொறுத்தது: உள்ளூர் ஓட்டம் மட்டும் என்றால் இந்த மழை தாங்கும், வாரம் ஒரு முறை திருச்சி, மதுரை போகிறவர் மாற்றுவது நல்லது.

இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே விளிம்பு தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

இரண்டு மட்டும் மாற்றினால்

பல கடைகளில் புது டயரை முன்னால் போடுவார்கள். முன் சக்கரம் இழுக்கும் கார்தானே என்பது அவர்கள் கணக்கு. ஈரச் சாலைக்கு அது தவறு. முன் டயர் வழுக்கினால் கார் நேராக ஓடும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், புதிதாக ஓட்டுபவரால் மீட்க முடியாது. ஆகவே புது ஜோடி பின்னால்தான். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது பழைய டயரில் உள்ள அளவையே கேளுங்கள். உதாரணத்துக்கு 165/80 ஆர்14 என்றால் அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். புது டயரின் தேதி எண்ணையும் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். வால்வைப் புதிதாகப் போடுங்கள், பேலன்சிங்கைத் தவிர்க்காதீர்கள்.

காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் இருக்கும் ஸ்டிக்கர் பார்த்து வையுங்கள். வண்டி ஓடிச் சூடேறும் முன் அளக்க வேண்டும். ஓடிய டயர் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். சீமைக்கருவேல முள் இருக்கும் மண்பாதையில் போய்வந்தால் மறுநாள் காலை மீண்டும் அளங்கள், முள் ஏறிய டயரில் காற்று மெல்லத்தான் இறங்கும். மாற்றிய டயர் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கும் காற்று அடித்துவிடுங்கள், அதன் தேதி எண்ணையும் பாருங்கள்.