கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் கரையிலேயே செய்துவிடும் தவறுகள்

ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கலாம் என்றதும் இன்று பலருக்கும் லேப்டாப்பும் கடற்கரையும்தான் நினைவுக்கு வருகின்றன. தூத்துக்குடி, கன்னியாகுமரி, ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் கேட்டால் வேறு பதில் வரும்: கப்பல். மெர்ச்சன்ட் நேவி எனப்படும் வணிகக் கப்பல் வேலை பல குடும்பங்களுக்கு வீடு கட்டித் தந்திருக்கிறது, தங்கைகளைப் படிக்க வைத்திருக்கிறது. நல்ல வேலை. போகாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வேலையில் நொந்துபோனவர்களின் கதைகளைக் கேட்டால் ஒன்று புலப்படும். புயலும் கடற்கொள்ளையரும் கெடுத்தது குறைவு. கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே, ஊரில் ஏதோ ஓர் ஆபீஸ் மேசையில், காகிதத்தைப் படிக்காமல் ஆளை நம்பியதால் கெட்டதே அதிகம். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி கரையில் நடப்பதைப் பற்றியது.

ஃபீஸ் கட்டிய பிறகு கண்ணைச் சோதிப்பது

நிறக்குருடு இருந்தால் டெக் பக்கம், அதாவது கப்பலைச் செலுத்தும் பிரிவில், வேலை கிடையாது. இரவில் எதிரே வரும் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்பதை அதன் சிவப்பு, பச்சை விளக்குகளை வைத்துத்தான் கணிக்க வேண்டும். இதில் சலுகைக்கு இடமே இல்லை. டெக் பிரிவுக்குப் பார்வைத்திறன் விதியும் எஞ்சின் பிரிவைவிடக் கடுமையானது. கண்ணாடி போட்டவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தனக்கு நிறக்குறைபாடு இருப்பதே தெரியாமல் பிளஸ் டூ வரை வந்துவிடும் பையன்கள் உண்டு. கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிய பிறகு மெடிக்கலில் தெரியவந்தால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜி ஷிப்பிங், அங்கீகரித்த டாக்டர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அட்மிஷனுக்கு முன் அவர்களில் ஒருவரிடம் போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஐந்து சர்டிபிகேட்டும் ஒரு சிடிசியும் இருந்தால் வேலை என்று நம்புவது

இது அடிக்கடி நடக்கிறது. கடலில் உயிர் தப்பும் முறை, தீயணைப்பு, முதலுதவி, தன் பாதுகாப்பும் பொறுப்பும், கப்பல் பாதுகாப்பு என ஐந்து குறுகிய பயிற்சிகள் இருக்கின்றன. எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி, கப்பலில் பணி ஏறும் எந்த மாலுமிக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். சில நாட்களில் முடிந்துவிடும். அதை வைத்து மாலுமியின் பணிப்பதிவேடான சிடிசிக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் புத்தகம் கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் வேலை வந்துவிட்டதாகவே நினைத்துவிடுகிறார்கள்.

சிடிசி என்பது அடையாளமும் பதிவும்தான். டெக்கில் வாட்ச் எனப்படும் முறைப் பணி பார்க்கவோ எஞ்சின் அறையில் நிற்கவோ அது தகுதி தராது. பத்தாவது முடித்து ரேட்டிங்காக, அதாவது அதிகாரி அல்லாத மாலுமியாக, போகிறவர்களுக்கு ஆறு மாத ஜிபி ரேட்டிங் பயிற்சி இருக்கிறது. அதிகாரியாக வேண்டுமானால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்து, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையில்தான் இருக்கிறது. அதன் பிறகு டிஎன்எஸ் எனப்படும் ஓராண்டு டிப்ளமா, மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ், நான்காண்டு மரைன் எஞ்சினியரிங் என்று வழிகள் பிரியும்.

இங்கே பெற்றோர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: படித்து முடித்ததும் எந்தக் கப்பல்? டிஎன்எஸ் முடித்தவர் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, 18 மாதம் கடலில் இருந்தால்தான் செகண்ட் மேட் என்ற அதிகாரித் தேர்வுக்குப் போக முடியும். கப்பல் கிடைக்காவிட்டால் அந்த டிப்ளமா அலமாரியில் கிடக்கும். கோர்ஸ் முடித்துவிட்டுக் கப்பலுக்காக மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், மும்பையில் அறை எடுத்துக் காத்திருக்கிறார்கள். ஆகவே கட்டடத்தையும் யூனிஃபார்மையும் பார்த்து மயங்காமல், ஏதாவது கப்பல் கம்பெனி ஸ்பான்சர்ஷிப் கடிதம் தருகிறதா என்று பாருங்கள். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. போன வருடத்து மாணவர்களில் எத்தனை பேர் கப்பலில் இருக்கிறார்கள், எந்தக் கம்பெனியில் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.

வேலைக்குப் பணம் கொடுப்பது

என் மனதை உறுத்திக்கொண்டே இருப்பது இதுதான்.

நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, ஏஜென்டிடம் மூன்று லட்சம், ஐந்து லட்சம் கொடுக்கிறார்கள். "எல்லாரும் கொடுத்துத்தான் போறாங்க" என்பதே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எம்எல்சி எனப்படும் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதைத் தெளிவாகவே தடை செய்கிறது. வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. மெடிக்கல் சர்டிபிகேட், சிடிசி, பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே மாலுமியுடையது. விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளியின் கணக்கு. 2015இல் இந்தியாவும் இந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே 'சர்வீஸ் சார்ஜ்', 'டாக்குமென்டேஷன்', 'ஜாயினிங் ஃபீ' என்று எந்தப் பெயரில் கேட்டாலும், கேட்கிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

இந்தியாவில் மாலுமிகளை ஆளெடுக்க ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் வேண்டும். இதற்கான விதிகள் முதலில் 2005இல் வந்தன. டிஜி ஷிப்பிங்தான் உரிமம் தருகிறது. ஒவ்வொரு உரிமத்துக்கும் ஊர்க் குறியோடு ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, டிஜி ஷிப்பிங் தளத்தில் போட்டு, கம்பெனி பெயரும் முகவரியும் பொருந்துகிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் காகிதத்தை நம்ப வேண்டாம். உரிமம் பெற்ற கம்பெனியின் பெயரிலேயே போலி மின்னஞ்சலும் போலி நியமனக் கடிதமும் உலவுகின்றன. தளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நேரடியாகப் பேசி உறுதி செய்துகொள்வது நல்லது.

உரிமம் இல்லாத ஏஜென்ட் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் காட்டுவார்: சுற்றுலா விசாவில் துபாய்க்கோ ஈரானுக்கோ போ, அங்கே கப்பல் ஏற்றிவிடுகிறோம். சிலருக்கு ஏதோ ஒரு சிறிய நாட்டின் சிடிசியையும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் போகிறவருக்கு நேரக்கூடியது மூன்று. இந்திய அரசின் பதிவில் அவர் மாலுமியாகவே இல்லாததால், சிக்கல் வந்தால் யார் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. அவர் கடலில் வேலை பார்த்த காலம், அதாவது சீ டைம், இங்கே கணக்கில் ஏறாது. இரண்டு வருடம் உழைத்தும் அடுத்த தேர்வுக்குத் தகுதி வராது. மூன்றாவது, ஏறிய கப்பல் என்ன சரக்கு ஏற்றுகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். எரிபொருள் கடத்திய கப்பல் என்று பிடிபட்டு, கூலிக்கு வேலை செய்த இந்திய மாலுமிகள் ஈரான் சிறைகளில் அடைபட்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. அந்தச் செய்திகளில் தமிழ்ப் பெயர்களையும் படித்திருக்கிறேன்.

கப்பலை விசாரிக்காமல் ஏறுவது

பெண் பார்க்கப் போனால் மூன்று தலைமுறை விசாரிக்கும் நாம், ஒன்பது மாதம் வாழப்போகும் கப்பலைப் பற்றி அதன் பெயரைத் தாண்டி எதையும் விசாரிப்பதில்லை. பெயரால் பயனும் இல்லை. முதலாளி மாறும்போது பெயரும் கொடியும் மாறிவிடும். மாறாமல் இருப்பது ஒவ்வொரு கப்பலுக்கும் தரப்படும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண். அதை வாங்கிக்கொண்டு எக்வாசிஸ் என்ற இணையதளத்தில் பதிவு செய்து தேடினால், கப்பலின் வயது, யார் நடத்துகிறார்கள், எந்தெந்தத் துறைமுகங்களில் குறை கண்டு நிறுத்திவைத்தார்கள் என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். அடிக்கடி நிறுத்திவைக்கப்பட்ட பழைய கப்பலென்றால் சம்பளமும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

'எம்டி இபா' என்ற டேங்கர் ஐக்கிய அரபு அமீரகக் கடலில் கைவிடப்பட்டுக் கிடந்தது. 2021 ஜனவரியில் நங்கூரம் அறுந்து உம் அல் குவைன் கரையில் ஒதுங்கியபோது, அதில் இருந்த ஐந்து பேருக்கும் 32 மாதச் சம்பளம் பாக்கி. அவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். இறங்கிப் போனால் சம்பளம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் இப்படி மாட்டிக்கொண்ட மாலுமிகள் கப்பலிலேயே தங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பயத்தாலும் கூச்சத்தாலும் காத்திருப்பது பெரிய தவறு. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் முதலாளி கைகழுவினால், எம்எல்சி அதைக் கைவிடப்பட்ட கப்பல் என்றே கணக்கிடுகிறது. 2017 ஜனவரி முதல் கப்பல் முதலாளி இதற்கென்று காப்பீடு வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் செலவும், சாப்பாடும், நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கியும் அதில் அடங்கும். நான்கு மாதம் என்பதைக் கவனியுங்கள். எட்டாவது மாதம் புகார் கொடுத்தால் காப்பீட்டிலிருந்து பாதிக்கு மேல் கிடைக்காது. கப்பல் ஏறிய அன்றே அந்தச் சான்றிதழைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதம் சம்பளம் வரவில்லையென்றால் டிஜி ஷிப்பிங்குக்கும், சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமான ஐடிஎஃப்புக்கும் எழுதுங்கள்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான். விமானம் ஏறுவதற்கு முன்பே கையெழுத்திட்ட பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம், எத்தனை மாதம், திரும்பி வரும் செலவு யாருடையது என்பவை அதில் எழுத்தில் இருக்க வேண்டும். "அங்க போய் கையெழுத்து போட்டுக்கலாம்" என்றால் போக வேண்டாம்.

ஊர் பார்க்கலாம் என்று மட்டும் நினைத்துப் போவது

கண்டெய்னர் கப்பல்கள் பல துறைமுகங்களில் ஒரு நாள்கூட நிற்பதில்லை. அந்த நேரத்திலும் உங்களுக்கு வாட்ச் இருக்கும், சரக்கு வேலை இருக்கும், மீதி நேரத்தில் தூக்கம்தான் கேட்கும். டேங்கர்கள் ஊரைவிட்டுத் தள்ளி, சில சமயம் கடலுக்குள்ளேயே நின்று சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடும். சிங்கப்பூரைப் பத்து முறை கடந்தும் அதன் தரையை மிதிக்காதவர்கள் இருக்கிறார்கள். நிலக்கரி, தானியம் போன்றவற்றைக் குவியலாக ஏற்றும் மொத்தச் சரக்குக் கப்பல்கள் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும்; அவற்றில்தான் கரையில் இறங்கிப் போகும் அனுமதியான ஷோர் லீவ் அதிகம் கிடைக்கும். ஊர் பார்ப்பதே முதல் ஆசை என்றால் பயணிகள் சொகுசுக் கப்பலில் சமையல், ஹோட்டல் பிரிவு வேலைகளைத் தேடலாம். கடுமையான வேலைதான், ஆனால் கப்பல் போகும் இடமே ஊர் பார்க்கும் இடம்.

அதே நேரம், கப்பல்காரருக்கு மட்டுமே கிடைக்கும் காட்சிகள் இருக்கின்றன. பனாமா கால்வாயில் முழுக் கப்பலும் நீர்ப்படிகளில் 26 மீட்டர் மேலே ஏறி ஒரு ஏரிக்குள் நுழைவதை, டெக்கில் நின்று பார்த்தவர் வாழ்நாள் முழுவதும் பேசுவார்.

ஒன்பது மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டு மாதச் சம்பளமாக நினைப்பது

பெரும்பாலான ஒப்பந்தங்களில் கப்பலில் இருக்கும் மாதங்களுக்குத்தான் சம்பளம். சைன் ஆஃப் செய்து, அதாவது கப்பலில் பணி முடித்து இறங்கி, வீட்டில் இருக்கும்போது வருமானம் இல்லை. அடுத்த கப்பல் நாம் நினைத்த தேதியில் வரும் என்றும் சொல்ல முடியாது. முதல் கான்ட்ராக்ட் முடிந்து வந்ததும் கார் லோன் போடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியாக இல்லாமல் கடன் எடுக்காதீர்கள்.

வரியிலும் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால், நீங்கள் இங்கே வசிப்பவராகிவிடுவீர்கள்; வெளிநாட்டுக் கப்பலில் வாங்கிய சம்பளமும் வரிக்குள் வந்துவிடும். "ஆறு மாசம் வெளியே இருந்தேன்" என்பது போதாது. 365 நாள் உள்ள வருடத்தில் 184 நாள் வெளியே இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில் சிடிசியில் பதிவான சைன் ஆன், சைன் ஆஃப் தேதிகளை வைத்தே இந்த நாட்கள் கணக்கிடப்படுகின்றன. இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே ஓடும் கப்பலில் இருந்த நாட்கள் இந்தியாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். மூன்று நாள் குறைந்ததற்காகப் பெரிய தொகையை வரியாகக் கட்டியவர்கள் உண்டு. சைன் ஆஃப் கேட்பதற்கு முன் காலண்டரைப் பார்த்துவிட்டு, ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம், படிக்கத் தெரிந்தவராகப் பார்த்து, ஒரு ஃபைல் கொடுத்துவிட்டுப் போங்கள். அதில் பாஸ்போர்ட், சிடிசி, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதி, ஆர்பிஎஸ்எல் எண், கப்பலின் ஐஎம்ஓ எண், மாலுமிகளுக்கான இந்தியப் பதிவு எண்ணான உங்கள் இண்டோஸ் எண், டிஜி ஷிப்பிங்கின் தொடர்பு முகவரி எல்லாம் இருக்கட்டும். கப்பலில் சிக்னல் இல்லாமல் நீங்கள் மாட்டிக்கொண்டால், உங்களுக்காக முதல் புகாரை எழுதப்போகிறவர் அவர்தான்.