தலாக்குக்குப் பின் ஜீவனாம்சம் கேட்பது எப்படி

ஜமாஅத்தில் பேசி முடிக்கும்போது, "எனக்கு வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது" என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். மஹரும் (நிக்காஹ்வில் கணவர் தருவதாக ஏற்ற மணக்கொடை) நகையும் கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கென்று போனால் எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அந்தத் தாளைத்தான்.

ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, 2019 சட்டப்படி செல்லாது. நீங்கள் இன்னும் மனைவிதான். மனைவியாகவே செலவுத்தொகை கேளுங்கள். போலீஸில் புகாரும் கொடுக்கலாம், 3 ஆண்டுவரை சிறை. ஆனால் உள்ளே போனவருக்குச் சம்பளம் ஏது? அடி உதை இல்லாத வீட்டில் பணத்துக்கான மனுவை முதலில் போடுவதே நல்லது.

முறையாகத் தலாக் ஆகியிருந்தால், விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986 சட்டம் இருக்கிறது. மஹர், கல்யாணத்தில் வந்த நகை, பொருள் எல்லாவற்றையும் அதில் கேட்கலாம். "இத்தா (தலாக்குக்குப் பின் காத்திருக்கும் காலம்) மூன்று மாதத்துக்கு மட்டும்தான் பணம்" என்பது பாதி உண்மை. பணத்தை இத்தாவுக்குள் தரவேண்டும். தொகையோ பிற்கால வாழ்க்கைக்கும் சேர்த்து இருக்கவேண்டும் என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாதாமாதம் வேண்டுமென்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 144ஆவது பிரிவு. முஸ்லிம் பெண்ணுக்கு அது கிடையாது என்று வாதிட்டால் 2024 ஜூலை 10 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். குடும்ப நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம்.

கையில் வேண்டியவை: பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டின் நகல், ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாடகை, பள்ளிக்கட்டணம், மருந்துச் சீட்டு ரசீதுகள். கணவர் வளைகுடாவில் இருந்தால் அவர் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம்தான் பெரிய சாட்சி. 2020இல் ரஜனேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தரவேண்டும். உங்கள் தையல் வருமானத்தை மறைக்காதீர்கள்; மாட்டினால் மற்றதையும் நம்பமாட்டார்கள். தொகை மனுப்போட்ட தேதியிலிருந்து கணக்காகும், தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்கே. இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் கூடவே மனுக் கொடுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசம், தொலைபேசி 15100.

தீர்ப்பு வந்தும் தராவிட்டால், பாக்கியை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனு. பாக்கி சேர்ந்த ஓராண்டுக்குள் போடவேண்டும். பொறுத்துப் பார்ப்போம் என்று மூன்று வருடம் விட்டவர்கள் கடைசி ஓராண்டு பாக்கிக்குத்தான் வாரண்ட் வாங்க முடிகிறது.